இடது பக்கக் கதவு

தம்பி,

ஸலாம் சொல்லி முடித்ததும் அடுத்த வரியாக 'இங்கு யாவரும் சுகம்' என்று எழுதுவது நம் வீட்டு வழக்கம். உன் அத்தா குவைத்தில் இருந்த பதினாறு வருஷமும் நான் எழுதிய எந்தக் கடிதமும் அந்த வரி இல்லாமல் போனதில்லை. அங்கிருந்து வந்தவையும் அப்படித்தான். இந்தக் கடிதத்தில் அதை எழுதாமல் விடுகிறேன். அதற்காகவே போனில் பேசாமல், குரலாகவும் அனுப்பாமல், காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் தானாகவே சுகம் என்று சொல்லிவிடும்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு காரின் படங்களை அனுப்பி, "அத்தாகிட்ட கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. நீ நேர்ல போய்ப் பாத்துட்டு நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லும்மா. நீ சொன்னாத்தான் புக் பண்ணுவேன்" என்றாய். ஜீப் மாதிரி உயரமாக, ஆனால் நீளம் குறைந்த சொகுசு வண்டி. அத்தா குவைத்தில் ஓட்டிய பெரிய வண்டியின் அதே கம்பெனி, முன்பக்கத்தில் அதே முத்திரை. அதை அத்தா வலங்கைமானுக்குள் ஓட்டி வர வேண்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்பது உன் ஆசை. நல்லது கெட்டதை எழுதத்தான் போகிறேன். அதற்கு முன் ஒன்று. அத்தாவால் இனி கார் ஓட்ட முடியாது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொல்கிறேன்.

இது தை மாதத்தில் தெரிந்தது. அத்தா ஊருக்குத் திரும்பிய பிறகு ஆக்டிங் டிரைவராகப் போய்வருவது உனக்குத் தெரியும். அன்று மளிகைக் கடை ஹாஜியார் வீட்டுப் பெண்களை நாகூருக்கு அழைத்துப் போயிருந்தார். இடம் இருந்ததால் நானும் போனேன். திரும்பும்போது திருவாரூர் தாண்டி, சம்பா நெல்லை ரோட்டின் இடது பாதியில் காயப்போட்டு ஓரத்தில் செங்கல் வைத்திருந்தார்கள். நெல் காயும் ரோட்டில் அத்தா எப்படி ஓட்டுவார் என்று நீ பார்த்திருக்கிறாய். ஒரு மணி மிதிபடாது. அன்று இடது டயர் செங்கல்லைத் தட்டிவிட்டு நெல்லின் மேல் ஏறி, பத்துப் பன்னிரண்டு அடி போன பிறகுதான் நின்றது. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தாள். "ஏன்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நெல்லு மேலயே ஏத்துற." அத்தா இறங்கி, "தப்புதாம்மா. அந்த வெளக்கமாத்தக் குடுங்க" என்று வாங்கி, சிதறியதையெல்லாம் கூட்டினார். அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "விடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவர் கூட்டி முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

மறுநாள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அந்தச் செங்கல்லு உனக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சே."

"எவ்ளோ தூரத்துலேருந்து?"

"தூரத்துலேருந்தே. ஏங்க?"

ரசத்தை ஊற்றச் சொன்னார்.

தஞ்சாவூர் கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி பக்கப் பார்வை போயிருக்கிறது, இடது பக்கம் அதிகம் என்றார். எதிரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியாது. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அத்தா ஒரு கேள்விதான் கேட்டார், ஓட்டலாமா என்று. "வண்டிய விட்டுடுங்க. நடக்குறதுக்கும் படிக்கிறதுக்கும் இந்தக் கண்ண வச்சுக்குங்க" என்றார் டாக்டர். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம், மகனையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. இந்த மாதமே போய்ப் பார். திரும்பும் பஸ்ஸில் அத்தா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பிட்ட சொல்லாத. காரு காருன்னு சந்தோஷமா இருக்கான். வாங்கட்டும். வந்து நிக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்." நானும் தலையை ஆட்டினேன். ஊரில் கேட்பவர்களிடம் முதுகு வலி, அதனால் வண்டி எடுப்பதில்லை என்று இருவரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தலையை ஆட்டிவிட்டு ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். இப்படித் தலையை ஆட்டி ஆட்டியே நான் செய்த தப்புகள் உண்டு. உனக்கு ஆறு வயதில் மதரஸா விட்டு வரும் வழியில் வாய்க்கால் மதகிலிருந்து குதித்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டாய். கும்பகோணத்தில் கட்டுப் போட்டு நாற்பது நாள் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்தாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தா போன் செய்வார், நீயும் பேசுவாய். கை வலிக்கிறது என்று சொல்லாதே, அத்தா பயந்துவிடுவார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. அடுத்த வருஷம் லீவில் வந்தவர் உன்னைக் குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டு, "இது எப்ப?" என்றார். சொன்னேன். சோப்பு நுரையோடு உன் முழங்கையைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் குந்தியிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவரும் சளைத்தவரில்லை. போன புதிதில் ஒன்றரை வருஷம் அவர் கையில் ஸ்டியரிங்கே கொடுக்கவில்லை, அரபி வீட்டு வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார் என்பது ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஒன்றரை வருஷக் கடிதங்களிலும் சுகம்தான்.

அந்தப் போட்டோவும் இதில் சேர்த்திதான். பெரிய வெள்ளை வண்டியின் மேல் ஒரு கையை வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அத்தா நிற்கும் படம். நீ அதை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு எங்கத்தா காரு என்று பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினாய். எனக்குத் தெரியும். திருத்தவில்லை. பிள்ளை சந்தோஷமாக இருக்கிறானே, பெரியவனானால் தானாகத் தெரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன். அஞ்சாம் வகுப்பில் ஒரு பையன் உன்னிடம், "உங்கத்தா டிரைவருடா. அரபி வீட்டு டிரைவரு" என்று சொல்லியிருக்கிறான். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொன்னான், சொல்லக் கூடாத விதத்தில். அன்று வந்து அந்தப் போட்டோவை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாய். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் போனுக்கு வரவில்லை. நீ தூங்குவதாகச் சொன்னேன். "மத்தியானம் மூணு மணிக்கா?" என்று மட்டும் கேட்டார். அரிசி அளக்கும்போது படம் கையில் வந்தது. துடைத்து பீரோவில் வைத்தேன். இன்னும் இருக்கிறது. எத்தனையோ கார் இருக்க நீ ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் போட்டோவை அரிசியிலிருந்து வெளியே எடுக்கப் பார்க்கிறாய்.

உனக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்க வேண்டும். குவைத்தில் ஸ்டியரிங் இடது பக்கம். அத்தா லீவில் வந்து முதல் நாலைந்து நாள், யாரிடமாவது காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தால், வேகமாகப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். கையை நீட்டினால் எதிரே ஒன்றும் இருக்காது. நீ இதற்காகவே காத்திருப்பாய். "அத்தா, ஸ்டியரிங்க யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று கத்துவாய். "நீதான் ஒளிச்சு வச்சிருப்ப. எட்றா" என்று அவர் உன் சட்டைக்குள் கையை விட்டுத் தேடுவார். நீ சிரித்துப் புரண்டு பின் சீட்டிலிருந்து கீழே விழுவாய். அவர் சரியான கதவுக்குப் போகத் தொடங்கும் நாளை நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். அன்றைக்குத்தான் அவர் முழுதாக ஊருக்கு வந்து சேர்ந்திருப்பார். அதற்குள் லீவில் பாதி போயிருக்கும்.

இனி நீ கேட்டது. நீ சொன்னபடி திருச்சிக்கு பஸ்ஸில் போய் அந்த ஷோரூமுக்குள் நுழைந்தோம். வரவேற்ற பையன் நல்ல பையன்தான். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அத்தாவைப் பார்த்து, "ஓனர் பின்னாடி வர்றாங்களாண்ணே?" என்றான். அத்தா நிற்கிற தோரணை அப்படி; பதினாறு வருஷம் கைகளைக் கட்டி வண்டிக்குப் பக்கத்தில் நின்ற உடம்பு. எனக்குச் சுருக்கென்றது. அத்தா அசரவில்லை. "ஓனரு மெட்ராஸ்ல வேலையா இருக்காரு. நாங்க முன்னாடியே வந்து பாத்துட்டுப் போவலாம்னு" என்றார். பஸ்ஸில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "பொய்யி ஒண்ணும் சொல்லலையே" என்று சிரித்தார்.

ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அத்தா போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காக. பழக்கம். நான் ஏறிய பிறகு கதவைச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு முறை திறந்து சாத்தினார். "இதுக்குத்தான் அம்புட்டு பேரும் சொகுசுங்குறது" என்றார் என்னிடம். சாவியை நீட்டிய பையனிடம், "நீங்களே ஓட்டுங்க தம்பி. நான் சத்தம் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு இடது பக்கமாகப் போய் ஏறினார். அந்த ஒரு நிமிஷத்தை நான் பின்னாலிருந்து பார்த்தேன். உட்கார்ந்ததும் இரண்டு கைகளும் முன்னால் எழுந்தன. ஒன்றும் அகப்படாமல், மெதுவாக இறங்கி முட்டியின் மேல் அமர்ந்தன. ஊருக்குத் திரும்பிப் பத்து வருஷமாக வராத தப்பு அந்த முத்திரையைப் பார்த்ததும் வந்துவிட்டது. சிரிக்க நீ இல்லை.

வண்டியின் நல்லதைச் சொல்கிறேன். சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். என் முட்டிக்கு அது பெரிய விஷயம். அடிப்பாகம் உயரம், மழைக்காலத்தில் நம் தெருமுனையில் நிற்கும் தண்ணீருக்குப் பயப்பட வேண்டியதில்லை. எஞ்சின் சத்தம் காதில் விழவில்லை. திருச்சி போக்குவரத்துக்குள்ளும் நாங்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டோம். கியர் தானாக விழுகிறது. அகலத்தைப் பற்றி உனக்குச் சந்தேகம் இருந்தது அல்லவா. கல்லூரியில் தாவரவியல் ரெக்கார்டு எழுதிய பொறுமையோடு, வண்டியின் அளவைக் குறித்துக்கொண்டு வந்து டேப் வைத்து நம் தெருவை அளந்தேன். கடைசி வீட்டுப் படிக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில், கண்ணாடியை மடக்கினால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சுகிறது. நான் டேப்போடு குனிந்து நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு மாமி, "ரோட்டயும் எழுதி வாங்கப்போறியாடி?" என்று கேட்டார்.

கெட்டது இது. பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நடுவில் மேடு, நம் வீட்டில் அங்கே உட்காரச் சம்மதிக்கும் ஆள் யாரும் இல்லை. டிக்கியில் ஒரு அரிசி மூட்டை போகும். பெருநாளைக்கு உன் பெரியத்தா வீட்டிலிருந்து பிரியாணி தேக்ஸா கொண்டுவர நினைத்தால் அதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நீ படத்தில் வட்டம் போட்டு அனுப்பிய கண்ணாடிக் கூரை நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. வருஷம் முழுக்கத் திரையை இழுத்து மூடித்தான் வைப்போம். அதற்காக மேல் விலை மாடலை எடுக்காதே. சீட் பால் நிறத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சேற்றுக் காலோடு யார் ஏறினாலும் நான் துணியோடு பின்னால் அலைவேன். டயர் ஒல்லி, உள்வட்டம் பெரிசு. பார்க்க அழகு, குடவாசல் ரோட்டுப் பள்ளத்தில் ஒருநாள் போய்விட்டு வந்தால் தெரியும். ஸ்டெப்னி கிடையாது. சர்வீஸுக்கு ஒவ்வொரு முறையும் திருச்சிக்குத்தான் போக வேண்டும்.

ஒன்றை நீ சொல்வாய் என்று தெரியும். சுற்றிலும் கேமரா இருக்கிறது, பக்கத்தில் எது வந்தாலும் வண்டியே கத்தும், அத்தா தைரியமாக ஓட்டலாம் என்பாய். எனக்கும் அந்த ஆசை வந்தது. அந்தப் பையன் திரையில் எல்லாப் பக்கத்தையும் காட்டியபோது அத்தாவைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "கேமரா காட்டும். அதையும் நான்தானே பாக்கணும்" என்றார். பிறகு சொன்னார், பதினாலு வருஷம் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், ஒருநாள்கூடப் பிரேக்கில் யாரும் முன்னால் சாயவில்லை, அந்தப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று. தன் பிள்ளையை ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடாதவர். அதை அவர் சொல்லவில்லை. எனக்கு அது தோன்றியது.

ஆகவே முதலில் உனக்கு வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். அத்தா ஓட்டுவதற்கென்று வாங்கும் காரை அவர் வாசலில் நிறுத்தி, தினமும் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டிவைப்பதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் உனக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறு வாரமே கும்பகோணத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எல்எல்ஆர் கையில் இருக்கிறது. ஆத்திர அவசரத்துக்குத் தெரிந்துவைத்துக்கொள்கிறேன் என்று அத்தாவிடம் சொன்னேன். அவர் ஹாஜியாரிடம் பழைய காரை இரவல் கேட்டு, அந்த வீட்டுப் பையனையே கொண்டுவந்து விடச் சொல்லி, பூட்டிக் கிடக்கும் ரைஸ் மில் களத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எனக்குப் பாடம் எடுக்கிறார். வண்டி திடுக்கென்று நின்றால் நான் அவர் முகத்தைப் பார்த்துவிடுவேன். "கண்ணாடியப் பாரு. என்னையப் பாக்காத" என்பார். ஒருமுறை பதற்றத்தில் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். "எங்கிட்ட எதுக்குக் கேக்குற? கிளட்சுகிட்ட கேளு" என்றார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு வாத்தியார். கல்யாணமான புதிதில் ஆறு மாதம் கூட இருந்தார், பிறகு இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாதம் என்று வந்துபோனார். இந்தக் களத்தில்தான் நாங்கள் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். நாளைக்கு உனக்கும் நிக்காஹ் ஆகும். வருகிற பெண்ணிடம் சுகம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதே. கை உடைந்தால் கை உடைந்தது என்று சொல்.

இதுவரை எழுதியதை இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் உனக்கு அனுப்பினால் அதுவும் பழைய வழக்கமாகிவிடும். அவரே படித்திருக்கலாம்; அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே படித்தேன். நெல், செங்கல், டாக்டர், அரிசி டின் எல்லாவற்றையும் கேட்டார். போட்டோ வந்த இடத்தில் மட்டும், "அரிசி டின்னுலயா?" என்றார். டீயில் ஆடை படிந்துவிட்டது. ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, "சொல்லிட்ட" என்றார். ஆமாங்க என்றேன்.

பிறகு, "ஸ்டெப்னி கெடயாதுன்னு எழுதிருக்க, அது தப்பு. இருக்கு. ஒல்லி டயரு, எம்பதுக்கு மேல போவக் கூடாது. திருத்து" என்றார்.

திருத்தம் இதுதான், மேலே எழுதியதை அடிக்கவில்லை.

"இன்னொண்ணும் எழுது. உங்கம்மா வலது பக்கக் கண்ணாடிய ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்குறா. அத அவன் தெரிஞ்சுக்கிட்டுப் புக் பண்ணட்டும்."

எழுதிவிட்டேன்.

"என்ன கலரு சொன்னான்?"

"வெள்ளைன்னான்."

"வெள்ள வேணாம்னு எழுது. பதினாறு வருஷம் வெள்ளையே கழுவியாச்சு."

அவ்வளவுதான் தம்பி. கண்ணாடிக் கூரை இல்லாத மாடலாக, கறுப்பு சீட்டாக, வெள்ளையைத் தவிர வேறு எந்த நிறத்திலாவது புக் பண்ணு. எனக்கு லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் வண்டி வர வேண்டாம். வண்டி எடுக்கும் நாளில் நீ கட்டாயம் வர வேண்டும். வந்து பின் சீட்டில் உன் பழைய இடத்தில் உட்கார வேண்டும். அத்தா நேராகப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்காருவார். கைகளை நீட்டினாலும் நீட்டுவார். ஸ்டியரிங் எங்கே என்று கேட்டால், அம்மாவிடம் இருக்கிறது என்று சொல்.

அம்மா